கிரான்மாவின் வெள்ளிக்கிழமைக் கடிதங்கள்: கடிதத்தை விட பதில்தான் விசேஷம்

ஒரு தமிழ் நாளிதழில் பதினோரு வருடம் 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதியைப் பார்த்துக்கொண்டவன் நான். இன்லாண்டில் மடிக்கிற ஓரம் வரைக்கும் பொடி எழுத்தில் நிரப்பி அனுப்புகிறவர்கள், கார்பன் தாள் வைத்து எட்டுப் பத்திரிகைக்கு ஒரே கடிதம் போடுகிறவர்கள், பெயரோடு ஊரும் சேர்ந்தே எங்களுக்கு மனப்பாடமாகிவிட்ட நிரந்தரக் கடிதக்காரர்கள், எல்லோரும் என் மேஜை வழியாகத்தான் போனார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எந்த ஊர்ப் பத்திரிகையைக் கையில் எடுத்தாலும் முதலில் கடிதப் பக்கத்தைத் தேடுவேன். கல்யாண வீட்டுக்குச் சாப்பிடப் போகிற சமையல்காரர் முதலில் ரசத்தை வாங்கிக் குடித்துப் பார்ப்பார் இல்லையா, அந்த மாதிரி.

இங்கே நான் எழுதப்போவது கியூபக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு நாளேடான கிரான்மாவைப் பற்றி. முழுப் பத்திரிகையையும் அல்ல, வெள்ளிக்கிழமை கடிதப் பகுதியை மட்டும். மற்ற பக்கங்களுக்கு என் விமர்சனம் தேவையில்லை. 2011 ஏப்ரலில் நடந்த கட்சியின் ஆறாவது மாநாட்டு அறிக்கையில் அப்போதைய நாட்டுத் தலைவர் ரவுல் காஸ்ட்ரோவே நாட்டின் பத்திரிகைகளைப் பற்றிச் சொல்லிவிட்டார்: அலுப்பூட்டுகின்றன, அவசரத்தில் எழுதப்படுகின்றன, மேலோட்டமாக இருக்கின்றன என்று. முதலாளியே இப்படிச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 நவம்பர் கடைசியில் மெக்சிகோவின் துக்ஸ்பான் துறையிலிருந்து பிதல் காஸ்ட்ரோவையும் அவருடைய கிளர்ச்சிக்காரர்களையும் சேர்த்து 82 பேரை ஏற்றிக்கொண்டு கியூபாவுக்குப் புறப்பட்ட பழைய படகின் பெயர் கிரான்மா. அமெரிக்கர் ஒருவரிடமிருந்து கைமாறியது. அவர்கள் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்குப் பாட்டி என்று பொருள். 1965 அக்டோபரில், பிதலின் ஜூலை 26 இயக்கத்தின் 'ரெவொலுசியோன்' நாளேட்டையும் பழைய கம்யூனிஸ்டுகளின் 'ஓய்' நாளேட்டையும் ஒன்றாக்கிப் புதிய பத்திரிகை தொடங்கியபோது அந்தப் படகின் பெயரை வைத்தார்கள். ஆக, ஒரு மத்தியக் குழுவின் அதிகாரபூர்வக் குரலுக்குப் பெயர் பாட்டி. கடிதப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பாட்டியிடம்தானே எல்லாப் புகாரும் போகும்?

நான் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தது நாற்பது வயதுக்கு மேல். தினமும் பத்திரிகை வாசியுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். கிரான்மாவை எடுத்ததற்கு என் அரசியல் காரணம் கொஞ்சம்தான், சோம்பேறித்தனம்தான் அதிகம். முழு இதழையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அப்புறம், கட்சிப் பத்திரிகையில் ஒரு வசதி உண்டு. இருநூறு சொல் தெரிந்தால் முதல் பக்கத்தை முடித்துவிடலாம், அதே சொற்கள்தான் நாளைக்கும் வரும். கடிதப் பக்கத்துக்கு வந்ததும்தான் அகராதி வேலை செய்ய ஆரம்பித்தது. குழாய்க் கசிவு, எடைக்கல், வரிசையில் இடம் பிடித்து விற்கிறவர், கதவு மூடாத பேருந்து, மூன்று மாதமாக வராத மின்தூக்கி உதிரிபாகம். மொழி பேசுகிற மனிதர்கள் இந்தப் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

இந்தப் பகுதி தொடங்கியது 2008 மார்ச் 14, ஒரு வெள்ளிக்கிழமை. பெயர் 'கார்த்தாஸ் அ லா திரெக்சியோன்', நிர்வாக ஆசிரியருக்குக் கடிதங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேதி தற்செயலாக வந்ததில்லை. அதற்கு மூன்று வாரம் முன்னால், பிப்ரவரி 24 அன்று, ரவுல் முறைப்படி நாட்டின் தலைவரானார். அதற்கும் முந்தைய வருடம் ஜூலை 26 அன்று கமகுவே நகரில் அவர் பேசிய பேச்சை வைத்து வேலையிடங்களிலும் தெருக்களிலும் கூட்டம் கூட்டமாக விவாதிக்கச் சொல்லியிருந்தார்கள். மக்கள் பேசினார்கள். சம்பளம் பத்தவில்லை, பேருந்து வரவில்லை, ஒரே நாட்டில் ஏன் இரண்டு நாணயம் என்று கேட்டார்கள். திறந்த மூடியைத் திரும்ப இறுக்க முடியாது, அதற்காக அப்படியே விட்டுவிடவும் மனம் வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீராவித் துளை வேண்டும். அதுதான் இந்த இரண்டு பக்கம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குக்கரில் துளை இருப்பது நல்ல விஷயம்தான்.

வடிவமைப்பைப் பார்ப்போம். நான் தொடர்ந்து வாசித்த வருடங்களில் வெள்ளிக்கிழமை இதழ் பதினாறு பக்கமாக இருந்தது, மற்ற நாள் எட்டு. உள்ளே எதிரெதிராக இரண்டு பக்கத்தில் கடிதங்கள். எழுதியவரின் முதல் பெயருக்கு ஓர் எழுத்து, பிறகு குடும்பப் பெயர்கள். முகவரியை ஆசிரியர் குழுவுக்குக் கொடுக்க வேண்டும், அச்சில் வராது. நீளமாகவே விடுகிறார்கள். நாங்கள் எண்பது வார்த்தைக்கு மேல் போனால் கத்தரியை எடுப்போம். கிரான்மாவில் முந்நூறு, நானூறு வார்த்தை சாதாரணம். ஒரு மனிதர் தன் தெருவில் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்ல இடம் கிடைக்கிறது. போன வாரக் கடிதத்துக்கு இந்த வாரம் இன்னொரு வாசகர் மறுப்பு எழுதுகிறார், அடுத்த வாரம் மூன்றாமவர் நுழைகிறார். தொழில்காரனாகச் சொல்கிறேன், இது நன்றாகச் செய்த வேலை. படமில்லை, துணுக்கில்லை, வாரம் ஒரு சிறந்த கடிதத்துக்குப் பரிசு என்கிற வியாபாரமும் இல்லை.

2012இல் மூன்று வாரம் ஹவானா போனேன். மத்திய ஹவானாவில் ஒரு வீட்டில் தங்கினேன். அரசு அனுமதியோடு வெளிநாட்டுக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிற வீடு. முதல் வெள்ளிக்கிழமை காலை பத்திரிகைக் கியோஸ்குக்குப் போனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்கள். மணி எட்டுகூட ஆகவில்லை. திரும்பி நடக்கும்போது தெருமுனையில் ஒரு பெரியவர் கை நிறையக் கிரான்மாவோடு நிற்கிறார். அச்சடித்த விலை அப்போது 20 சென்டாவோ, அவரிடம் ஒரு பேசோ. விடியற்காலையிலேயே வரிசையில் நின்று வாங்கி, ஐந்து மடங்குக்கு விற்கிறார். ஓய்வு பெற்றவர்கள் பலருக்கு அப்போது இது தொழில். குறைந்தபட்ச ஓய்வூதியமே மாதம் 200 பேசோவாக இருந்த காலம், ஒரு தாளுக்கு 80 சென்டாவோ லாபம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடிதப் பக்கத்தில் அதிகம் திட்டு வாங்குகிற ஜாதி, வாங்கி விற்கிற இடைத்தரகர். அந்தத் திட்டுகளை நான் வாங்கியதும் ஒரு இடைத்தரகரிடம். பெரியவர் என்னைப் பார்த்து, "கடிதத்துக்குத்தானே?" என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகுமாம்.

வீட்டுக்கார அம்மாவும் பின்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காபியை வைத்துக்கொண்டு, தலைப்புச் செய்தியைத் தொடாமல் நேராகக் கடிதத்துக்குப் போவார். காபி என்றேன், அதில் பட்டாணி கலந்திருந்தது. ரேஷன் காபியில் வறுத்த பட்டாணி சேர்ப்பதை அரசே அறிவித்துச் செய்தது. கடிதத்தை முடித்ததும் அந்தத் தாளை மட்டும் பிரித்து அலமாரியில் வைப்பார், மிச்சம் குளியலறைக்குப் போகும். கடையில் கழிப்பறைத் தாள் கிடைக்காத ஊரில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒருநாள் ரேஷன் ரொட்டியைச் சமையலறைத் தராசில் வைத்துக் காட்டினார். அப்போதைய கணக்கில் ஆளுக்குத் தினம் ஒன்று, 80 கிராம் இருக்க வேண்டும். முள் 62இல் நின்றது. கிரான்மாவுக்கு எழுதுங்களேன் என்றேன். சிரித்தார். "எழுதலாம் தம்பி. போடுவார்கள், விசாரணைக்கும் வருவார்கள். நாளைக்கு எனக்கு ரொட்டி எடுத்துத் தரப்போவது அதே ஆள்தானே?" என்றார். கடிதப் பகுதியைப் பற்றி நான் கேட்ட மிகக் கூர்மையான விமர்சனம் அதுதான். கேட்டபோது என் பழைய மேஜைக்கு வந்த மொட்டைக் கடிதங்கள் ஞாபகம் வந்தன. பெயரில்லாக் கடிதங்களை வாசிக்காமலே கூடையில் போட்டவன் நான்.

சரி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தின் சரக்கு கடிதங்களில் இல்லை, பதில்களில் இருக்கிறது. புகாருக்கு உரிய பதிலை உரிய காலத்தில் பெறுவது குடிமகனின் உரிமை என்று 1976 அரசமைப்புச் சட்டத்திலேயே இருந்தது, அது ஏட்டோடு நின்றது. கிரான்மாவில் கடிதம் வந்தால் மட்டும் சம்பந்தப்பட்ட அமைச்சகமோ மாகாண நிறுவனமோ அதே பக்கத்தில் பதில் போட்டாக வேண்டிய நெருக்கடி வந்தது. மத்தியக் குழுவின் தாளில் அல்லவா வந்திருக்கிறது! விசாரணைக் குழு போனது, இன்ன தேதியில் புகார்தாரரின் வீட்டுக்குப் போனோம், இன்னாரிடம் பேசினோம் என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு முத்திரை வரும். 'கோன் ரசோன்' என்றால் புகார் நியாயம். 'ரசோன் என் பார்த்தே' என்றால் ஓரளவு நியாயம். 'சின் ரசோன்' என்றால் நியாயமில்லை. நியாயம் என்று வந்தால் தண்டனையும் அச்சாகும்: கடை நிர்வாகிக்குப் பகிரங்கக் கண்டனம், சம்பளப் பிடித்தம், சில சமயம் வேலையிலிருந்து நீக்கம்.

இந்தப் பதில்களை நிதானமாக வாசித்தால் ஒரு பொருளாதாரம் எப்படி மூச்சு வாங்குகிறது என்று தெரியும். கசிகிற குழாயை ஏன் அடைக்கவில்லை என்பதற்கு ஒரு நிறுவனம் எழுதுகிற இரண்டு பத்தியில் ரப்பர் இல்லை, டீசல் இல்லை, அடுத்த வருடத் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம், அதுவும் நிதி வந்தால் என்று எல்லாம் வந்துவிடும். முதல் பக்கத்தில் இலக்கைத் தாண்டிய உற்பத்தி, உள்பக்கத்தில் ஒரு ரப்பர் வளையத்துக்கு வழியில்லை. இரண்டும் ஒரே இதழில், ஒரே விலையில். எந்தக் கடிதக்காரரும் சொல்லத் துணியாததைப் பதில் எழுதுகிற அதிகாரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் சொல்லிவிடுகிறார்.

என் பழைய பத்திரிகையில் இப்படி ஒரு பதில்கூட வந்ததில்லை. மின்வெட்டு, சாக்கடை என்று வாரம் நாற்பது கடிதம் போடுவோம், யாரும் சட்டை செய்ததில்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு. ஒரு நகைக்கடையைப் பற்றி வந்த நியாயமான புகாரைத் தட்டச்சுக்கு அனுப்பினேன், விளம்பரப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது, கடிதம் காணாமல் போனது. அதனால் கட்டுப்படுத்தப்பட்ட விவாதம் என்று யாராவது சொன்னால், யார் கட்டுப்படுத்துவது என்று கேட்கிற பழக்கம் எனக்கு. கிரான்மாவில் அதற்கு ஒளிவுமறைவு இல்லை. கட்சியின் சித்தாந்தத் துறை. முகப்பிலேயே யாருடைய பத்திரிகை என்று போட்டிருக்கிறது.

இப்போது விவாதப் பக்கம். அதன் உச்சம் 2009 கடைசியிலிருந்து 2011 வரை. 2009 அக்டோபரில் அப்போதைய ஆசிரியர் லாசரோ பர்ரேதோ ஒரு கட்டுரை எழுதினார். எல்லாவற்றையும் அரசே ஊட்ட வேண்டும் என்று வாயைத் திறந்து காத்திருக்கும் பறவைக்குஞ்சுகளாகிவிட்டோம், 1962இலிருந்து இருக்கிற ரேஷன் புத்தகமான லிப்ரேத்தாவே போக வேண்டும் என்கிற பொருளில். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்தன. காபிக் கடையையும் சலூனையும் அரசு ஏன் நடத்த வேண்டும், கூட்டுறவுக்கோ குத்தகைக்கோ விட்டால் சரக்கு திருடு போகாதே என்று ஒரு பக்கம். இன்றைக்கு சலூன், நாளைக்கு எல்லாம், புதுப்பணக்காரன் வருவதற்கா இத்தனை வருடம் கஷ்டப்பட்டோம் என்று மறுபக்கம். வயதானவர்களுக்கு ரேஷனில் சிகரெட் கொடுத்துவந்தார்கள், புகைக்காதவரும் வாங்கி விற்றார். இதுவா சமத்துவம் என்று ஒருவர் கேட்டால், அந்தச் சிகரெட் காசில்தான் என் அம்மா சமையல் எண்ணெய் வாங்குகிறாள் என்று இன்னொருவர் பதில் சொல்கிற ரகம். நம் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டு பேரையும் தெரியும்.

விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே முடிவுகளும் வந்துகொண்டிருந்தன. 2009 நவம்பரில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் ரேஷனிலிருந்து போயின. 2010 ஏப்ரலில் மூன்று நாற்காலி வரையுள்ள சலூன்களை வேலை செய்கிறவர்களுக்கே வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் சிகரெட் போனது. அதே மாதம் ஐந்து லட்சம் அரசு ஊழியரைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது, சுயதொழிலுக்கு 178 வகை அனுமதிப் பட்டியல் கிரான்மாவில் வந்தது. நவம்பரில் 291 அம்சங்களோடு பொருளாதாரக் கொள்கை வரைவு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நாடு முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசினார்கள், மாநாட்டில் அது 313 ஆனது. கடிதம் எழுதியவர்கள் முடிவை மாற்றினார்களா, எடுத்துவிட்ட முடிவுக்குத் தரை மெழுகினார்களா? திரும்பப் படித்துப் பார்த்ததில் இரண்டாவதுதான் அதிகம் என்று படுகிறது. சீர்திருத்தத்தை ஆதரிக்கிற கடிதங்கள், அறிவிப்புக்குச் சில வாரம் முன்னால் சரியாக வந்து உட்காருகின்றன. தேர்தலுக்கு முன் சில கடிதங்களைத் தேடித் தேடி நானே போட்டிருக்கிறேன், அதனால் இந்தக் கைவண்ணம் எனக்குத் தெரியும். ஆனாலும் எதிர்க்கடிதங்களையும் கூடவே போட்டார்கள், மழுக்காமல் போட்டார்கள். அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

சுவர் எங்கே இருக்கிறது? கருத்து வேறுபாடு போலி ஏகமனதைவிட மேல் என்று ரவுல் சொன்னார். கூடவே ஒரு வாலும் உண்டு: சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான முறையில். இந்த மூன்றும் சேர்ந்த இடம்தான் இந்தக் கடிதப் பக்கம். புரட்சிக்குள் எல்லாம், புரட்சிக்கு எதிராக எதுவுமில்லை என்று 1961இல் பிதல் எழுத்தாளர்களிடம் போட்ட கோட்டின் தொடர்ச்சி. ரொட்டிக்கடைக்காரர், நிர்வாகி, மாகாண நிறுவனம், சில சமயம் அமைச்சகம் வரை ஏறலாம். அதற்கு மேல் படிக்கட்டு இல்லை. நான் வாசித்தவரையில், ஏன் ஒரே கட்சி என்று ஒரு கடிதமும் கேட்கவில்லை. அரசை எதிர்த்ததற்காக 2003இல் சிறைக்குப் போன 75 பேரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. புகார் எழுதுகிறவர்கள்கூடக் கடைசி வரியில் புரட்சிக்கு வாழ்த்துச் சொல்லி முடிப்பது அடிக்கடி வரும். அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். மனுவின் கடைசியில் 'தங்கள் உண்மையுள்ள' என்று நாமும்தானே போடுகிறோம்.

உள்ளே இருப்பவர்களுக்கும் சுவர் உண்டு. எஸ்தெபான் மொராலெஸ் என்கிற பொருளியல் அறிஞர், நெடுநாள் கட்சிக்காரர், உயர்மட்ட ஊழல்தான் எதிர்ப்புரட்சியை விட ஆபத்து என்று 2010இல் எழுதினார். கட்சியிலிருந்து நீக்கினார்கள், மறு வருடம் திரும்பச் சேர்த்தார்கள். ரொட்டி 18 கிராம் குறைவது கடிதம். அது எந்த மட்டத்திலிருந்து குறைகிறது என்று கேட்டால் வேறு கதை.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் நாளேடான 'ஹுவெந்துத் ரெபெல்தே'யில் ஹோசே அலெஹாந்த்ரோ ரொத்ரிகெஸ் எழுதிவந்த 'அகூசே தே ரெசீபோ' இருக்கிறது. பெறுகை ஒப்புதல் என்று அர்த்தம், பதிவுத் தபாலுக்குத் திரும்பி வருகிற ஒப்புகை அட்டை மாதிரி. கடிதங்களை அவர் தன் நடையில் சுருக்கிச் சொல்வார், நக்கல் உண்டு, பதில் வராத அதிகாரிகளை விட மாட்டார். வாசிக்கச் சுகம் அதுதான். ஆனால் எனக்குக் கடிதக்காரரின் தடுமாறுகிற வாக்கியமே வேண்டும் என்பதால் கிரான்மாவை ஒரு படி மேலே வைப்பேன்.

பழைய பளபளப்பு இப்போது இல்லை. 2019இல் காகிதத் தட்டுப்பாட்டில் வெள்ளிக்கிழமை இதழ் மெலிந்தது. 2018 டிசம்பரில் கைபேசியில் இணையம் வந்த பிறகு, ரொட்டியைத் தராசில் வைத்துப் படமெடுத்து முகநூலில் போட்டுவிடலாம். முகவரி கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை, சித்தாந்தத் துறை வழியாகப் போக வேண்டியதில்லை. பதில் மட்டும் வராது.

ஸ்பானிஷ் தெரிந்தவர்கள், படிக்கிறவர்கள் என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை என்று வைத்துக்கொண்டு பழைய இதழ்களைத் தேடுங்கள். 2009 அக்டோபரில் ஆரம்பித்தால் சூடு நன்றாக இருக்கும். கடிதத்தை ஒரு ஓட்டமாக ஓட்டிவிட்டுப் பதிலுக்கு வாருங்கள். அதிலும் 'சின் ரசோன்' என்று முத்திரை குத்தியவற்றை விட்டுவிடாதீர்கள். நியாயமில்லை என்று நிரூபிக்க ஒரு அதிகாரி மூன்று பத்தி எழுதுகிறார் என்றால், இரண்டாவது பத்தியில் நிச்சயம் ஏதோ இருக்கும்.